ஒன்பதாம் நம்பர் துணி

எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய பிக்கப் வண்டி நிற்கிறது. அதை எதற்காக வாங்கினீர்கள் என்று என் கணவரைக் கேட்டால் இன்றுவரை ஒழுங்கான பதில் வந்ததில்லை. அவர் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறார். நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எங்கள் இருவர் பிழைப்புக்கும் டீசல் வண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் அது வாசலை அடைத்துக்கொண்டு காக்காய்களுக்கு உட்கார இடம் கொடுக்கும். மிச்சமிருக்கும் ஒரு நாள் அதுதான் தேர்.

மைசூரில் எங்கள் பங்குக் கோயிலில் மாதா திருவிழா பத்து நாள் நடக்கும். பத்தாம் நாள் சாயங்காலம் தேர்ப்பவனி. பிக்கப்பின் பின்பக்கத்தில் மரப் பீடம் வைத்து, பீடத்தின் மேல் மாதா சுரூபத்தை நிறுத்தி, பூவும் சீரியல் பல்பும் போட்டு, நாலு தெரு சுற்றி வருவோம். ஓட்டுவது என் கணவர்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குப் பாட வராது. ஒரு முறை திருப்பலியில் வாசகம் வாசிக்க மேலே ஏற்றினார்கள். “சகோதர சகோதரிகளே” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எந்தக் கமிட்டியிலும் அவர் பெயர் இல்லை. கல்லூரியிலும் அப்படித்தான். ஆனால் அந்த ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, எறும்பு ஊர்கிற வேகத்தில் அவர் வரும்போது தெருவே ஒதுங்கி வழி விடும். மற்ற நாளெல்லாம் அவரைத் திட்டித் தீர்க்கிற நான் அன்றைக்கு மட்டும் அவர் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவேன்.

போன திருவிழாவுக்கு முந்தைய திருவிழாவில் வண்டி புகைய ஆரம்பித்தது. சும்மா புகை இல்லை. மாதாவே தெரியாத அளவுக்குப் புகை. முன்னால் நின்றவர்கள் சாம்பிராணி என்று நினைத்துக் கும்பிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் இருமினார்கள். மூன்று பேர் ஆஸ்துமா பம்ப்பை எடுத்து அடித்துக்கொண்டார்கள், அதில் ஒருவர் பங்குச்சாமியார். பவனி முடிந்ததும் திருவிழாக் கமிட்டித் தலைவி வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஃபாதர் உட்பட எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

“அடுத்த வருஷம் புகை வந்தா வேற வண்டி. சொல்லிட்டேன்” என்றார்.

என் கணவர் அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. எஞ்சினுக்குள் ரிங் தேய்ந்துவிட்டது, இனி தட்டிக்கொட்டிப் பிரயோஜனம் இல்லை, எஞ்சினையே மாற்ற வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். மாற்றுவதை வீட்டிலேயே செய்யப் போவதாகவும் சொன்னார். புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுப்பதற்கும் எஞ்சினை வண்டியிலிருந்து எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று எடுத்துச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மண்டி மொஹல்லாவில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சந்து ஒன்று இருக்கிறது. அங்கே மாதக்கணக்கில் சனிக்கிழமைதோறும் அலைந்து, அதே ரக வண்டியின் எஞ்சின் ஒன்றைப் பிடித்தார். லக்கேஜ் ஆட்டோவில், போர்வை போர்த்தி, பக்கத்தில் இவர் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்து இறங்கியது. நோயாளியோடு கூட வருகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். மழைக்காலமாக இருந்ததால் அதை ஹாலில் ஒரு டயர்மேல் வைத்தோம். ஒரு மாதம் அங்கேயே இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று மேலே ஒரு பூப்போட்ட விரிப்பைப் போட்டேன். வந்தவர்கள் டீப்பாய் என்று நினைத்து அதன்மேல் காபி டம்ளர் வைத்தார்கள்.

திருவிழாவின் எட்டாம் நாள் காலை ஹனூரிலிருந்து இவருடைய சித்தப்பா மகன் பஸ்ஸில் வந்து இறங்கினார். டிராக்டர் மெக்கானிக். என் கொழுந்தன் முறை. அந்தப் பக்கத்து டிராக்டர்களில் அவர் கைபடாதது கிடையாது என்று இவர் சொல்லுவார். அவரைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி நான் டியூட்டி முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வரும்வரை இருந்தது.

கேட்டைத் திறந்தால் வாசலெல்லாம் நட்டு, போல்ட்டு. சில என் துளசிச் செடித் தொட்டியில். கறுத்துப் போன பனியன் துணி உருண்டைகள் எங்கே பார்த்தாலும் கிடந்தன. பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டிலிருந்து இரும்புக் குழாய் மூன்றை வாங்கி முக்காலியாகக் கட்டி, அதில் செயின் புல்லி மாட்டியிருந்தார்கள். கொழுந்தனார் எஞ்சினின் ஒரு ஓட்டையில் துணி உருண்டையைத் திணித்துக்கொண்டிருந்தார். நட்டு உள்ளே விழாமல் இருக்க அப்படி அடைப்பார்களாம்.

“எத்தனை துணி உள்ளே வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் யாருங் அண்ணி எண்ணுறது. எடுக்கும்போது எடுத்தர்றதுதானுங்” என்றார்.

“இந்த போல்ட்டெல்லாம் எது எதுக்கு உள்ளதுன்னு தெரியுமா?”

“மாட்டும்போது தெரியுமுங். மிஞ்சுனா மிஞ்சட்டுமுங். நாலு போல்ட்டு மிஞ்சலீன்னா டிராக்டர்ல வேலயே பண்ணலீன்னு அர்த்தமுங்.”

எனக்குத் தலை சுற்றியது. இருபத்திரண்டு வருஷமாக நான் செய்யும் வேலையில் பாதி எண்ணுவதுதான். வயிற்றைத் திறக்கும் முன் எத்தனை துணி, எத்தனை கத்திரி, எத்தனை ஊசி என்று எண்ணி எழுதுவோம். மூடும் முன் மறுபடி எண்ணுவோம். சரியாக இருந்தால் “கவுண்ட் சரி, டாக்டர்” என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் தையல். கை கழுவிவிட்டு வந்து ஒரு சாக்பீஸை எடுத்தேன். வண்டியின் முன்பக்கத்தைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டேன்.

“இந்தக் கோட்டுக்குள்ள நான் எண்ணாம எதுவும் வரக் கூடாது, நான் எண்ணாம எதுவும் போகக் கூடாது. செருப்பும் கூடாது.”

கொழுந்தனார் தன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

பனியன் துணியை எல்லாம் பொறுக்கி வெளியே போட்டேன். பழைய பெட்ஷீட் ஒன்றைப் பன்னிரண்டு சதுரமாகக் கிழித்து, துணிக்குச் சிவப்பு மையில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் போட்டேன். போல்ட்டுகளுக்கு இட்லித் தட்டு. முதல் தட்டு ரேடியேட்டர், இரண்டாம் தட்டு கியர்பாக்ஸ், மூன்றாவது எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங். குழிக்கு இத்தனை என்று ஒரு ஸ்லேட்டில் எழுதினேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் லீவு போட்டேன். லீவு லெட்டரில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் குடும்ப நிமித்தம் என்று எழுதினேன்.

அதன் பிறகு நடந்ததை எதிர்வீட்டுக்காரர்தான் முழுதாக ரசித்தார். காம்பவுண்டு சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, “சிசேரியனா, நார்மலா?” என்று கன்னடத்தில் கேட்டார். என் கணவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டி, “பதினாலு” என்பார். நான் பதினாலாம் நம்பர் ஸ்பானரை அவர் உள்ளங்கையில் வைப்பேன். பழக்கதோஷத்தில் ஒரு முறை அவர் நெற்றியையும் துடைத்துவிட்டேன். முகமெல்லாம் கரி. கொழுந்தனார் என்னிடம் துணி கேட்கப் பயந்து தன் சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சட்டையை எண்ணிக்கையில் சேர்ப்பதா வேண்டாமா என்று நான் யோசித்தது உண்மை.

பழைய எஞ்சின் வெளியே வந்தது. ஹாலிலிருந்த புது எஞ்சின் பூப்போட்ட விரிப்போடு தூக்கில் ஏறியது. விரிப்பை எடுக்க எல்லோருக்கும் மறந்துவிட்டது. எஞ்சின் நடுவானத்தில் தொங்கியபோதுதான் நான் கவனித்தேன். கீழே இறக்கச் சொன்னேன். எண்ணிக்கையில் இல்லாத துணி. கொழுந்தனார் இறக்கி, விரிப்பை எடுத்து, மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி தூக்கினார். ஒன்பதாம் நாள் சாயங்காலம் எஞ்சின் வண்டிக்குள் உட்கார்ந்து கியர்பாக்ஸோடு சேர்ந்துகொண்டது. அன்றைய எண்ணிக்கை சரியாக இருந்தது. துணி பன்னிரண்டு.

பத்தாம் நாள் காலை மிச்ச வேலை. ஹோஸ், ஒயர், டீசல் குழாய், ஆயில், தண்ணீர். இன்னொரு பக்கம் டீச்சர் தலைமையில் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து வண்டியின் பின்பக்கத்தில் மரப் பீடத்தை ஏற்றிப் பூக் கட்ட ஆரம்பித்தார்கள். நேரம் போதாது, நீங்கள் முன்னால் முடியுங்கள், நாங்கள் பின்னால் முடிக்கிறோம் என்றார் டீச்சர். முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் அவர்கள். என் சாக்பீஸ் கோடு வண்டிக் கதவோடு நின்றது.

மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. போல்ட்டு இரண்டு மிஞ்சியது. கொழுந்தனார் முகம் மலர்ந்தது. அவை பழைய எஞ்சினில் ஃபேனுக்கு இருந்த கூடுதல் போல்ட்டுகள், புதியதில் அதற்கு இடமே கிடையாது என்று ஸ்லேட்டைப் பார்த்துச் சொன்னேன். முகம் வாடியது. பிறகு துணியை எண்ணினேன். பதினொன்று.

மறுபடி எண்ணினேன். பதினொன்று. தரையில் வரிசையாக விரித்துப் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் இல்லை.

“துணி ஒண்ணு குறையுது” என்றேன்.

“போல்ட்டு ரெண்டு அதிகம், துணி ஒண்ணு கம்மி. கூட்டிக் கழிச்சா நமக்கு ஒண்ணு லாபம்தானே” என்றார் என் கணவர், சூழ்நிலை தெரியாமல். நான் பார்த்த பார்வையில் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

கொழுந்தனாரைக் கேட்டேன். “காலையில எந்த ஓட்டையில துணி வச்சீங்க?”

“ஓட்டையிலதானுங் அண்ணி.”

“எந்த ஓட்டை?”

“நெறய இருக்குதுங்களே” என்றார் பரிதாபமாக.

காற்று உள்ளே போகும் வாயில் ஒன்று வைத்த ஞாபகம் அவருக்கு இருந்தது. எடுத்த ஞாபகமும் இருந்தது. ஆனால் அது இன்றைக்கா நேற்றா என்பது ஞாபகம் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தோம். என் முகம் பார்க்கும் கண்ணாடியை உள்ளே நுழைத்துப் பார்த்தோம். குழாய் வளைந்து உள்ளே போகிறது, அதற்கு மேல் தெரியவில்லை. பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் நாலு மணி நேர வேலை. நாலரைக்குத் திருப்பலி, ஐந்தரைக்குத் தேர். எதிர்வீட்டுக்காரர் எக்ஸ்ரே எடுக்கலாமே என்றார்.

“ஸ்டார்ட் பண்ணுனாத் தெரிஞ்சு போகுமுங். துணி உள்ள இருந்தா உறிஞ்சி மாட்டிக்குமுங், எஞ்சின் போயிருமுங். இல்லீன்னா ஓடுமுங்” என்றார் கொழுந்தனார்.

பின்பக்கத்திலிருந்து டீச்சர் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். “ஏம்மா, ஒரு கந்தைத் துணிக்காக மாதாவை நிறுத்துவியா? எண்ணுறதுல நீதான் தப்பு பண்ணியிருப்ப. இவர் ஸ்டார்ட் பண்ணட்டும். முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, டெம்போவுக்கு போன் பண்றேன்” என்று கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

எண்ணுவதில் நீதான் தப்பு. அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில், எனக்கு வேலையில் நாலாவது வருஷம். ஒரு துணி குறைகிறது என்று சொன்னேன். பெரிய டாக்டர் வாட்சைப் பார்த்தார். எண்ணத் தெரியாதவளை எல்லாம் யார் உள்ளே விட்டது என்று கேட்டுவிட்டுத் தைத்து மூடினார். ஆறு வாரம் கழித்து அந்த அம்மாளை மறுபடி திறந்தார்கள். துணி உள்ளே இருந்தது. விளக்கம் கேட்டு லெட்டர் வந்தது எனக்கு. நான் சொன்னதை யாரும் கேட்டதாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இதை நான் என் கணவரிடம்கூடச் சொன்னது கிடையாது. சொன்னால் அழுவேன் என்று தெரியும். அழுவது எனக்குப் பிடிக்காது.

அன்றைக்கு வாசலில் நின்றபோது எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது. ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று நான் சொன்னால் தேருக்கு டெம்போ வந்துவிடும். அடுத்த வருஷமும் டெம்போதான். இவர் ஜனங்களோடு ஜனமாக, ஒரு மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடப்பார். ஒரு வருஷமாகத் தூங்காமல் தேடி அலைந்த மனுஷன். சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன். அந்த நினைப்பு வந்தது.

“கவுண்ட் சரியில்லை” என்றேன். “எனக்கு எண்ணத் தெரியும்.”

என் கணவர் வண்டிக்குள் ஏறினார். போயிற்று, ஸ்டார்ட் பண்ணப் போகிறார் என்று நினைத்தேன். சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். சுருக்கமாகப் பேசுகிற மனுஷன், பத்துப் பேர் முன்னால் பேச நாக்கு எழும்பாத மனுஷன், டீச்சர் பக்கம் திரும்பி முழு வாக்கியமாகச் சொன்னார்.

“டீச்சர், அவ சரின்னு சொன்னாத்தான் ஸ்டார்ட் பண்ணுவேன். இல்லேன்னா பண்ண மாட்டேன்.”

சாவியை என் கையில் கொடுத்தார்.

இருபத்திரண்டு வருஷத்தில் எந்த டாக்டரும் எனக்காகக் கத்தியைக் கீழே வைத்ததில்லை. நான் குனிந்து, தரையில் கிடந்த பதினொரு துணியையும் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டேன். வேறு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

டீச்சர் போனில் டெம்போக்காரரின் நம்பரைத் தேட ஆரம்பித்தார். அப்போது கொழுந்தனார், தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல, “எங்கூர்ல தேர இழுக்கறதுதானுங்களே. ஸ்டார்ட்டா பண்றாங்க?” என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

“கவுறு இருக்குதுங்” என்று செயின் புல்லிக்குக் காவலாகக் கட்டியிருந்த தேங்காய் நார்க் கயிற்றைக் காட்டினார்.

டீச்சர் போனைப் பைக்குள் வைத்தார். அவருக்கு அது பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஜனங்களை இழுக்க வைப்பது அவருக்கு எப்போதுமே பிடிக்கும்.

இளைஞர் மன்றத்துப் பையன்கள் வண்டியைக் கோயில் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். திருப்பலி முடிந்து சுரூபத்தைப் பீடத்தில் ஏற்றினார்கள். வண்டிக்கு முன்னால் முப்பது அடிக் கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேர். வரிசையின் தலையில் டீச்சர். உள்ளே வெள்ளைச் சட்டையில் என் கணவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய வண்டி, ஸ்டீயரிங் லாக்கெல்லாம் எப்போதோ செத்துவிட்டது, அதனால் சாவி தேவைப்படவில்லை. சாவி என் புடவை முடிச்சில் இருந்தது. கொழுந்தனார் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டி உருண்டால் வைக்க ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு பக்தியோடு நடந்தார். தெரியாதவர்கள் அதையும் ஏதோ நேர்ச்சை என்று நினைத்து வழி விட்டார்கள். பாண்டு வாத்தியம் முழங்கியது. முதல் மூன்று தெரு சமதளம். கயிறு இழுக்கும் உற்சாகத்தில் வழியில் நின்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். எதிர்வீட்டுக்காரர் கன்னடத்தில் ஜே போட்டுக்கொண்டே இழுத்தார்.

நாலாவது தெரு மேடு.

வருஷா வருஷம் எஞ்சினே தேரை ஏற்றிக்கொண்டு போவதால் அது மேடு என்பதே யாருக்கும் நினைவில் இல்லை. பாதி ஏறியதும் இழுத்தவர்களுக்கு மூச்சு வாங்கியது. கயிற்றைப் பிடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். வண்டி நின்றது. பிறகு ஒரு சாண் பின்னால் வந்தது. கொழுந்தனார் கல்லைப் போட்டார். டீச்சர் ஜெபமாலையை உரக்கச் சொன்னார், கயிறு அசையவில்லை. நான் ஓடிப்போய்ப் பின்பக்கப் பலகையில் கையை வைத்துத் தள்ளுகிறவர்களோடு சேர்ந்தேன். என் மூக்குக்கு நேரே மரப் பீடம். மேட்டில் சாய்ந்ததில் அதைச் சுற்றிக் கட்டிய செவ்வந்திச் சரம் நழுவித் தொங்கியது. பீடத்தின் பின் மூலை ஆடாமல் இருக்க அடியில் ஒரு துணியை நாலாக மடித்துச் செருகியிருந்தது. அழகான மடிப்பு, ஓரத்தோடு ஓரம் சேர்ந்த மடிப்பு. நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடக் கற்றுக் கொடுத்தவர்கள்தான் அப்படி மடிப்பார்கள். அதன் மேல் சிவப்பு மையில் ஒன்பது. ஆறு என்று யாராவது தலைகீழாகப் படித்துவிடுவார்களோ என்று நான் அடியில் கோடு போட்டிருந்தேன். அந்தக் கோடும் இருந்தது. ஆறாம் நம்பர் துணி என் பையில் இருந்தது.

கையை நீட்டினேன், எடுக்கவில்லை. எடுத்தால் மாதா என் தலைமேல் விழுவார்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்.

“கவுண்ட் சரி” என்றேன். பாண்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று இன்னொரு முறை கத்தினேன். “கவுண்ட் சரி!”

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கையில் துணி இல்லை. அதையும் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தேன்.

முதல் தடவை எஞ்சின் இருமியது. இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் நீளமாக இருமியது. மூன்றாம் தடவை உடம்பெல்லாம் ஒரு குலுக்கு குலுக்கி, பின்னால் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டைத் துப்பிவிட்டு, ஓட ஆரம்பித்தது. புகை இல்லை. எனக்குப் பக்கத்தில் டிரம்ஸ்காரர் உயிரைக் கொடுத்து அடித்துக்கொண்டிருந்ததால் சத்தமும் யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னலில் கை வைத்திருந்ததால் எனக்கு மட்டும் அதிர்வு தெரிந்தது. பின்னால் கொழுந்தனார் கல்லை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

முதல் கியர். கிளட்ச்சைப் பாதி விட்டு, கயிறு பிடித்தவர்களுக்கும் வண்டிக்கும் உள்ள தூரம் ஒரு முழம்கூடக் குறையாமல், முன்னால் நடப்பவர்களின் காலடிக்கு ஏற்ற மாதிரி அவர் வண்டியை நகர்த்தினார். பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றிலிருந்து இறங்கியது. இழுத்தவர்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டீச்சர் நின்றார். கையிலிருக்கும் கயிற்றைப் பார்த்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது.

“எடை கொறையுது!” என்று கத்தினார். “அம்மா நடக்குறாங்க! அம்மாவே நடக்குறாங்க!”

மரியே வாழ்க என்று தெரு அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் அழுதேன். எல்லோரும் மாதாவைப் பார்த்து அழுதார்கள், நான் டிரைவர் ஜன்னலைப் பார்த்து அழுதேன். அவர் நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. மேட்டின் உச்சியில் பாண்டு ஓய்வதற்குள் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், ஒரு பொய்யை நம்பவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன் என்று ஃபாதரிடம் சொன்னேன். “தேருக்குப் பின்னால நடந்தது நான்தானேம்மா. டீசல் வாசனை எனக்கும் வந்தது” என்றார். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். வண்டிக்கு நல்ல ஆயிலாகப் போடவும் சொன்னார்.

இந்த வருஷத் திருவிழாவுக்குக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மரபுப்படி தேரை மக்களே கயிறு கட்டி இழுப்பார்கள், வாகனத்தின் எஞ்சினை எக்காரணம் கொண்டும் இயக்கக் கூடாது என்று டீச்சர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மரபுக்கு வயது ஒன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷம் அலைந்து, மூன்று நாள் மண்ணில் படுத்து எஞ்சின் மாற்றியது எதற்கு, இப்போதே போய் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறேன் என்று செருப்பை மாட்டினேன். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

“வேண்டாம். எப்படியும் ஸ்டீயரிங்க யாராவது பிடிக்கணும்ல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நாலாவது தெருவுல நீ ஜன்னல் பக்கம் வந்துடு. நீ சரின்னு சொன்னா ஸ்டார்ட் பண்றேன்” என்றார்.

வருகிறேன் என்றேன். அந்தத் துணி எங்கே கிடைத்தது என்று அவர் இன்றுவரை என்னைக் கேட்டதில்லை.